பசைக்காரர் பிடித்த உளவாளி

“உளவாளி இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான் சார்” என்றார் பசைக்காரர்.

அறையில் மொத்தமே மூன்று பேர். மேனேஜர், பசைக்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி எதிரே நின்ற மிஷின்காரர். யாரைச் சொல்கிறார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

பசைக்காரர் என்பது ஆலையில் அவருக்கு விழுந்த பெயர். துடைக்கிற காகித ரோலில் மேல் தாளையும் கீழ்த் தாளையும் சேர்த்து ஒட்டும் பசையை மேம்படுத்துவது அவர் வேலை. இதற்காகவா கண்ணைக் கெடுத்துக்கொண்டு இத்தனை படித்தோம் என்று அவருக்கே சிரிப்பு வரும். விருந்துகளில் யாராவது கேட்டால் ‘கெமிஸ்ட்ரி’ என்று சொல்லி நழுவிவிடுவார். ஊரார் மூக்குக்குப் பசை காய்ச்சுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அப்படிப்பட்ட தன்னையும் மதித்து ஒருவன் மொட்டைக் கடிதம் போடுகிறான் என்பதில், உண்மையைச் சொன்னால், அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

மூன்று மாதத்தில் மூன்று கடிதங்கள், எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தவை. ஈரம் பட்டதும் மேல் தாள் ஒரு பக்கம், கீழ்த் தாள் ஒரு பக்கம் போகிறது என்றது முதல் கடிதம். பசையைக் கெட்டியாக்கினார். இப்போது பிரியவில்லை, ஆனால் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு மூக்குத் தோலை உரிக்கிறது என்றது இரண்டாவது. பசையை இளக்கினார்.

மூன்றாவது கடிதம் யோசனையே சொன்னது. தாள் மெத்தென்று ஆகிவிட்டது, ஆனால் பசை வைத்த புள்ளிகளில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை, புள்ளியைச் சின்னதாக்கிப் பாருங்களேன் என்றது. பசைக்காரர் பார்த்தார். தண்ணீர் சொன்னபடி கேட்டது. மீட்டிங்கில் அதைத் தன் யோசனையாகவே எடுத்துச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

உறுத்தியது வேறு விஷயம். மூன்றுமே சோதனை ரோல்கள், இன்னும் கடைக்கே போகாதவை. அவற்றின் குறை வெளியாளுக்கு எப்படித் தெரியும்? போட்டிக் கம்பெனிக்கு யாரோ ரோலைக் கடத்துகிறார்கள்.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையிலும் அவர் அந்தக் கடிதத்தைத்தான் குடைந்துகொண்டிருந்தார். சிந்திய பாலைத் துடைத்த மனைவி, துடைத்த தாளை விரித்துக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் “உம்” என்றார். எழுதியவன் பசையிலேயே டாக்டர் பட்டம் வாங்கினவனாக இருக்க வேண்டும், இப்படி ஒரு மூளை நமக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விட்டார். அவள் சிரித்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சோதனை ரோல் முதலில் வந்து விழுவது மிஷின்காரர் கையில். பசை உருளையில் அடைத்துக்கொள்கிறது என்று போன வாரம் முணுமுணுத்தவரும் அவரேதான். பசைக்காரர் இரண்டையும் கூட்டினார், விடை வந்துவிட்டது. பதினாறு வருஷ வேலைக்கு முடிவு கட்டும் தாள், கையெழுத்துக்காக மேனேஜர் முன்னால் கிடந்தது.

மிஷின்காரர் சத்தம் போடவில்லை. தன் வீட்டில் துடைக்கிறதெல்லாம் பழைய வேட்டிதான், இந்தக் காகிதம் கட்டுப்படி ஆகாது என்றார். பிறகு மேஜையிலிருந்த கடிதத்தைத் தயங்கித் தயங்கி எடுத்துப் பார்த்தார்.

“பின்பக்கம் ஒரு போன் நம்பர் இருக்கே சார். கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

மேனேஜர் பசைக்காரரைப் பார்த்தார். பசைக்காரர் கூரையைப் பார்த்தார். பசை, புள்ளி, எழுத்து, தாளின் எடை வரை ஆராய்ந்தவர், அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ‘சந்தேகமிருந்தால் அழைக்கவும்’ என்று எழுதி, கீழே எண் இருந்தது. எண்ணைப் பார்த்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யார் எண்ணும் அவருக்கு மனப்பாடமில்லை, போனில் பெயரைத் தொட்டே பழக்கம்.

ஆள் உஷாராகிவிடுவான் என்று அவர் தடுக்கப் பார்த்தார். அதற்குள் மேனேஜர் எண்களை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். பசைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் குனிந்தார், ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ள.

நாலாவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது. மேனேஜர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கடிதங்கள் ரொம்பப் பிரயோஜனமாக இருந்தன என்று நன்றி சொன்னார். ரோலை அந்தக் கடிதங்கள்தான் திருத்தின என்றும் சொன்னார். பசைக்காரரின் பேனா தாளில் ஊன்றியபடி நின்றுவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கடைக்கே வராத எங்க ரோல் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“எங்க வீட்டுக்காரர்தான் பையில போட்டு எடுத்துட்டு வராரு சார், வாயால சொன்னா அவருக்குக் காதுல ஏறாது, அதான் எழுதிப் போட்டேன்.”