எட்டாவது ஆல்பம்

முருகதாஸ் அனுப்பிய எட்டாவது பாட்டு ஆல்பத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு ராஜையன் சட்டையை மாட்டினார். முப்பது வருட நட்புக்கு இன்றோடு தலைமுழுகிவிடுவது என்று தீர்மானித்தாகிவிட்டது.

"எங்க கெளம்பியாச்சு?" என்றாள் மனைவி லீமா.

"அவனுக்க ஐஸ் கம்பெனிக்கு. எனக்க காதுல தீய வச்சிட்டு அவன் அங்க சொகமா இருக்கான்!"

வேறொரு பெண்டாட்டியாக இருந்தால் தடுத்திருப்பாள். லீமா குடையை எடுத்து நீட்டி, "போனுல எதுக்கு? நேருலயே போய் நல்லா ஏசிட்டு வாங்க" என்றாள்.

ராஜையனின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் மீன் ஏலம் கூவிய மனுஷன். தை மாதம் வந்த பக்கவாதம் கையையும் காலையும் விட்டுவிட்டு நாக்கை மட்டும் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரு மணி நேரமாவது சத்தமாகப் பேசுங்கள், பத்திரிகை வாசியுங்கள் என்றார் டாக்டர். ஒரே ஒரு நாள் வாசித்தார். அவர் குழறியதைக் கேட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. அன்றைக்குப் பத்திரிகையை மடக்கி வைத்தவர்தான்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. நாளை மீன் வந்து இறங்கினால் ஏலம். ராஜையனுக்கு வாய் வராவிட்டால் அவர் இடத்தில் நின்று கூவ ஷிஜின் என்கிற பொடியன் தயாராக இருக்கிறான். பிழைப்பே கைநழுவிப்போகிற நேரத்தில் ஒரு நண்பன் செய்கிற வேலையா இது?

முருகதாஸ் அனுப்பிய முதல் இரண்டு ஆல்பங்கள் அருமையாகத்தான் இருந்தன. ராஜையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினார், திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாவதிலிருந்துதான் சனி பிடித்தது. அதில் காதலில் தோற்ற ஒருத்தன் நாற்பது நிமிடம் விடாமல் மூக்கைச் சிந்தினான். "குப்பை" என்று ஒரே ஒரு வார்த்தையை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார் ராஜையன்.

நான்காவது அதைவிட மோசம், ஐந்தாவது நான்காவதைவிட மோசம். ஆறாவதுக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நான்கு நிமிடம் ஓடியது. எல்லாவற்றுக்கும் முருகதாஸிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. இன்னொரு ஆல்பம்!

ஐஸ் கம்பெனி வாசலில், ஐஸ் பொடிக்கிற மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் முருகதாஸ். ராஜையன் குடையைக்கூட மடக்கவில்லை.

"லேய் எரணங்கெட்டவனே! கடல் பாட்டுண்ணு இண்ணைக்கு ஒண்ணு அனுப்பினியே, அத நீ கேட்டியா? மொதப் பாட்டுல ஒருத்தன் தூண்டில் போட்டுச் சாளை பிடிக்கான்! வலையில அள்ளுத மீன ஒண்ணொண்ணா தூண்டில்ல பிடிச்சா, ஒரு கொழம்புக்குச் சேருததுக்குள்ள கிறிஸ்மஸ் வந்திரும்!"

"செரி" என்றார் முருகதாஸ்.

"என்ன செரி? ரெண்டாவது பாட்டுல அவனுக்க பெண்டாட்டி கரையில நிண்ணு அழுதா. அழட்டும், நான் வேண்டாம்ணு சொல்லல்ல. அதுக்கு எதுக்குலே கல்யாண வீட்டு டிரம்செட்டு? அடுத்ததுல அலைச்சத்தம்ணு போட்டிருக்கான். அது அலையாலே? பாத்ரூம்ல வாளிக்குத் தண்ணி பிடிக்க சத்தம்! பாடுதவனுக்கு மூக்கடைப்பு, எழுதினவன் மீன மார்க்கெட்டுலகூடப் பாத்ததில்ல. இத ஒரு ஏலக்காரனுக்கு அனுப்பி வைக்க ஒனக்கு வெக்கமா இல்லியா?"

ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முருகதாஸ் எண்ணெய்க் கேனைச் சாவகாசமாக மூடினார்.

"அப்போ ஏழாவது எப்பிடி?"

"சவம், அதப்பத்திப் பேசாத! இங்கிலீசுப் பாட்டத் திருடினவன் ஒழுங்காட்டுத் திருடவாவது வேண்டாமா? நடுவுல சுதி மாறி, அவன் ஒரு பக்கம் போறான், கீபோர்டு ஒரு பக்கம் போகுது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ஊருலகத்துல ஒரு நல்ல பாட்டுகூட ஒனக்குக் கிட்டலியாலே?"

"கிட்டாம என்ன? எனக்க போனு நெறைய நல்ல பாட்டுதான். ஒனக்கு அனுப்பதுக்குண்ணு மோசமானதாப் பாத்துப் பாத்துப் பொறுக்கினேன்."

ராஜையனுக்கு நெஞ்சு கொதித்தது. ஆக, எல்லாம் கேலி. நாக்கு போனவன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தது போதாதென்று இவனும் சிரித்திருக்கிறான். குடையை வீசிவிட்டு முருகதாஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"தெரிஞ்சேதான் செய்தியா? வீட்டுல மொடங்கிக் கெடக்கவன், இவன் என்னத்தச் செய்துருவாண்ணுதானலே நெனச்ச?"

முருகதாஸுக்கும் கோபம் வந்துவிட்டது. அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கத்தினார்:

"வந்ததுலேந்து ஏசுதியே, ஒரு எழுத்தாவது குழறிச்சாலே?"