ஒரு துடிப்பு குறைகிறது

"இந்த வீட்டுல ஒண்ணு லூலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சொல்லுங்க, யாரு?"

"அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா, இனாஸ்?"

"அப்போ எனக்கு மட்டும் ஊர்ல பத்துப் பேர் இருக்காங்களா?"

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இது. அன்று சாயங்காலமே இனாஸ் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அலெக்சாந்திரியா டிராமில் ஆறு நிறுத்தம்தான் தூரம். அந்த டிராமை ஓட்டுகிறவரே அவள் கணவர் வஹீத். தினமும் அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார், கதவைத் திறந்தார், மூடினார். ஒரு போன் போட்டுக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

லூலி ஒரு மலைப்பாம்பு. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். பழுப்பு உடம்பில் கறுப்புத் திட்டுகள். இப்போது விலங்கு மருத்துவர் ஷிரீனின் மேஜைமேல் சுருண்டு கிடந்தது.

"டாக்டரம்மா, இவ இதயம் சரியில்ல. எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க. வீட்டுல எனக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான்."

"முதல்ல நீங்க உக்காருங்க, உஸ்தா வஹீத். என்ன பண்றா?" டிராம் ஓட்டுகிறவர்களை அங்கே மரியாதையாக உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மூணு வாரமா எலியைத் தொடல. நெஞ்சு தடதடன்னு அடிக்குது. நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போகுது. உடம்புல நீர் கோத்திருக்கும் போல, ரொம்பக் கனமாயிட்டா. இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறறதுக்குள்ள ரெண்டு இடத்துல நிக்க வேண்டியிருக்கு."

ஷிரீன் லூலியை எடை பார்த்தாள்.

"போன தடவைக்கு இப்ப நூறு கிராம் குறைஞ்சிருக்கா."

"குறைஞ்சிருக்காளா? உங்க தராசை மாத்துங்க, டாக்டரம்மா."

"தராசு போன வாரம்தான் வாங்கினேன்" என்று சிரித்துக்கொண்டே லூலியின் வாயை ஒரு தட்டைக் குச்சியால் மெல்லத் திறந்தாள். "வாய் நல்ல ரோஸ் நிறம். வெளுக்கல, நீலம் பாயல. இதயம் கெட்டா பாம்பு வாயைத் திறந்து திறந்து மூச்சு விடும். இதோ, தலையிலிருந்து கால்வாசி தூரத்துல, இந்த இடம் புடைச்சுக்கிட்டு நிக்கும். தூக்கினா கயிறு மாதிரி தொங்கும். இவகிட்ட அது ஒண்ணுமே இல்ல."

"அப்போ ஏன் சாப்பிடல?"

"மூக்கு நுனி தேஞ்சிருக்கே, பெட்டிக் கண்ணாடியில உரசறாளா?"

"ஓயாம."

"கையை நீட்டினா சீறறாளா?"

"இப்பக் கொஞ்ச நாளா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கையில வச்சிருப்பீங்க?"

"வீட்டுல இருக்கிற நேரமெல்லாம். என் நெஞ்சு மேல படுத்துக்குவா. டி.வி. பார்ப்போம். பேசிக்கிட்டிருப்போம்."

"பேசறது யாரு?"

"நான்தான்."

"பாம்புக்குப் பேச்சுத் துணை வேண்டாம், உஸ்தா. கதகதப்பா ஒரு இருட்டு மூலை போதும். நீங்க கொஞ்சறீங்க, அவ தப்பிச்சு ஓட வழி தேடறா. இவளோட மன அழுத்தத்துக்கு நான் பேர் எழுதணும்னா வஹீத்னுதான் எழுதணும்."

வஹீத்தின் முகம் சுருங்கிப்போனது. இனாஸ் பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"சரி, அது என் தப்பாவே இருக்கட்டும். ஆனா துடிப்பு? இருபத்தாறு வருஷமா டிராம் ஓட்டறேன். தண்டவாளத்துல நூலளவு இடைவெளி இருந்தாலும் என் கைக்குத் தெரியும். கடிகாரத்தை வச்சு எண்ணினேன், டாக்டரம்மா. நிமிஷத்துக்குத் தொண்ணூறு."

ஷிரீனின் கை அப்படியே நின்றது.

"தொண்ணூறா? இவளுக்கு ஐம்பதைத் தாண்டாதே. எப்படி எண்ணினீங்க? செஞ்சு காட்டுங்க."

வஹீத் லூலியைத் தோளில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதன் அடிப்பக்கத்தில் இதயம் இருக்கும் இடத்தைத் தேடிக் கட்டைவிரலை அழுத்தினார். பக்கத்திலேயே ஷிரீன், துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் சின்னக் கருவியின் முனையை வைத்தாள்.

துப்... துப்... துப்...

"இதோ, விட்டுடுச்சு! கவனிச்சீங்களா?"

கருவி எதையும் விடவில்லை. துப்... துப்... துப்... நிதானமாக, சீராக.

"மறுபடியும் விட்டுடுச்சு, டாக்டரம்மா! உங்க மெஷின்ல ஏன் கேக்கல?"

ஷிரீன் கருவியின் முனையை லூலியிடமிருந்து எடுத்தாள். அதை வஹீத்தின் மணிக்கட்டில் வைத்தாள்.

தடதடதடதட. ஒரு துடிப்பு இல்லை. மறுபடி தடதடதடதட.

வஹீத் தன் கையையே வெறித்துப் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் லூலியின் மேல்தான் இருந்தது.

"கட்டைவிரலை அழுத்தினா நம்ம நாடிதான் நமக்குத் தெரியும், உஸ்தா." ஷிரீன் லூலியை மெல்ல அவர் தோளிலிருந்து எடுத்தாள். "இவ்வளவு நாளா நீங்க எண்ணினது உங்க இதயத்தை. மாடி ஏறறப்ப மூச்சு வாங்கி நின்னதும் இவ கனத்தால இல்ல. அசையாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். யாருக்காவது சொல்லணுமா?"

வஹீத் போனை எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் இனாஸ்.

"என்ன, எட்டு மாசம் கழிச்சு? உங்க லூலி செத்துட்டாளா?"

"இல்ல, அவ நல்லாத்தான் இருக்கா... எனக்குப் பயமா இருக்கு, இனாஸ். நீ என்கிட்ட வந்துடு."