டிக்கெட் இலக்கம் 417

“வணக்கம் மிஸ். டிக்கெட் இலக்கம் நானூற்றிப் பதினேழு. பில்ட் முடிஞ்சா நோட்டிபிகேஷன் வருகுதில்ல எண்டு போட்டிரிக்கிறீங்க.”

ஹெட்போனில் கம்பனியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் இருக்கும் நிதுர்ஷனின் குரல்; அவள் பதிந்த முறைப்பாட்டுக்குத்தான் டிக்கெட் என்று பெயர். தனுஷியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

“மிஸ்ஸா? எப்ப இருந்து?”

“டிக்கெட்டில வந்தா எல்லாரும் மிஸ்தான். பிரச்சினையச் சொல்லுங்க.”

“அது கிடக்கட்டும். கொழும்பு ஒபிசுக்கு மாறி வரச் சொன்னதுக்கு இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் குடுக்கணுமே. போகப் போறீங்களா?”

“டிக்கெட்டப் பத்திப் பேசுவம் மிஸ்.”

அவள் பெருமூச்சு விட்டாள். எழுதிய நிரலையெல்லாம் ஒன்றுசேர்த்து மென்பொருளாகக் கட்டுவதுதான் பில்ட். கட்டி முடித்ததும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்ப வேண்டும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. இன்று ஒன்றுமே எழும்பவில்லை.

“உங்கட திரையக் காட்டுங்க.”

காட்டினாள். அவன் அங்கிருந்தபடியே அவளுடைய கணினியைத் துழாவினான்.

“‘தொந்தரவு செய்யாதே’ போட்டிரிக்கா… இல்ல. அனுமதி குடுத்திரிக்கா… ஓம், இரிக்கு. ஒரு சோதனைச் செய்தி அனுப்புறன். வந்ததா?”

“வந்தது.”

“அப்ப கணினியில பிழை இல்ல. பில்ட்டுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு.”

“முந்தி இந்தப் பெட்டியெல்லாம் எங்க இருந்தது? நீங்கதானே எங்கட நோட்டிபிகேஷன்.”

மறுபக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

மட்டக்களப்பு டவுனில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு புடைவைக் கடையின் மேல்மாடிதான் முன்பு அவர்களுடைய அலுவலகம். அவர்கள் இருவரும் ஹலீமும் ஸாதியாவுமாக நாலு பேர், ஒரு மின்விசிறி. அப்போதெல்லாம் ஒரு பில்ட் முடிய நாற்பது நிமிடம் எடுக்கும். ஒருவர் திரைக்குக் காவல் இருக்க, மற்ற மூவரும் கீழே தேத்தண்ணிக் கடையில் இருப்பார்கள்.

“நான் ‘பச்சை’ எண்டு கத்தினாக் கல்லடிப் பாலத்தில போறவனும் திரும்பிப் பார்ப்பான்,” என்றான். குரலில் இப்போது மிஸ் இல்லை.

“‘சிவப்பு’ எண்டா ஹலீம் நானா கடிச்ச இறால் வடையோட படியேறுவார். ஸாதியா மட்டும் உங்கள நம்பமாட்டா. பச்சை எண்டாலும் மேல வந்து பார்த்துட்டுத்தான் மறுகா இறங்குவா.”

“ஒருநாள் பொய்யாப் பச்சை எண்டு கத்திப்போட்டன். அதாலதான்.”

“ஏன் அப்படிக் கத்தினீங்க? இண்டைவரைக்கும் சொல்லல்ல.”

“விடியத் தொடக்கம் உங்களுக்கு நாலு சிவப்பு. உங்கட முகத்தப் பார்க்க ஏலாமப் போச்சு.”

பிறகு ஒருநாள் அந்த மேல்மாடியை மூடி, ஆளுக்கொரு கணினியைக் கையில் கொடுத்து வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது கம்பனி. ஹலீம் கட்டாருக்குப் போனார். ஸாதியா கலியாணம் முடித்து லண்டனுக்குப் போனாள்.

“நாலு பேரில மிஞ்சினது நாம ரெண்டு பேர்தான்,” என்றாள். “நீங்களும் போனா…”

“ஆ, பிடிச்சிட்டன்!” அவன் குறுக்கிட்டான். “செட்டிங் கோப்பில நோட்டிபிகேஷன ஆரோ நிப்பாட்டியிரிக்காங்க. கோப்ப மாத்தின நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிசம்.”

“அப்படியா?”

“டிக்கெட் போட்ட நேரம் பத்து பதின்மூண்டு.”

தனுஷியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மிஸ், அந்தக் கணினியத் தொடுறது நீங்க மட்டும்தானே?”

“ஓம். நான்தான் நிப்பாட்டினன்.” “சும்மா பேசினா நீங்க வாயே திறக்கிறதில்ல. டிக்கெட் போட்டாப் பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள பேசியே ஆகணும் எண்டு கம்பனிச் சட்டம். வேற என்ன செய்ய? போகாதீங்க எண்டு சொல்ல வரல்ல. போறதெண்டா அத என்ட காதுக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்க.”

திரையைப் பார்த்தாள். அழைப்பைத் துண்டித்திருந்தான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பக்கத்து அறைக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது.

“ஏலாது, ஊரிலயே இரிக்கன் எண்டு நேற்றே எழுதிப்போட்டன் புள்ள. மனசில இரிக்கிறத நீ முதல்ல சொல்லட்டும் எண்டுதான் பார்த்துக்கொண்டு இருந்தன்,” என்றான், மூன்று நாளாக அவளுக்கு முகம் கொடுக்காமல் அந்த அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த அவள் கணவன்.