பாதி ரொட்டி

“விஷமா வச்சிருக்கேன், அத்தை?”

மாமியார் ரொட்டியைச் சரிபாதியாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். மறுபாதியில் மருமகள் தடவியிருந்த வெண்ணெயைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பரீட்சை எழுதுகிறவள்போல் கவனமாக மெல்லத் தொடங்கினாள்.

ஐந்து வாரமாக இதே கூத்து. முப்பது வருடம் பேக்கரி கவுண்டரில் நின்று, “வித்தது பாதி, நான் தின்னது பாதி” என்று தானே சொல்லிச் சிரித்தவள். இப்போது சர்க்கரை இல்லாத காபி, தண்ணீராய் ஒரு சூப், பாதி ரொட்டி.

“டாக்டர் சொன்னாரா?”

“எல்லாத்துக்கும் டாக்டர் வந்து சொல்லணுமா? எடுத்துட்டுப் போ, போதும்.”

அன்று காலை தலையணையைத் தட்டிப்போட எடுத்தபோது, அடியிலிருந்து ஒரு தையல் டேப் உருண்டு விழுந்தது. அதில் பேனாவால் ஐந்து கோடுகள், ஒன்றைவிட ஒன்று உள்ளே தள்ளி.

“இந்த வயசுல இடுப்பளவு எதுக்கு அத்தை?”

“ஏன், எனக்கு இடுப்பு இல்லையா?”

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கணவனுக்கு போன் போட்டாள். லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான்.

“அம்மாவுக்கு யாராச்சும் லவ் லெட்டர் குடுத்திருப்பாங்க. விடு.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி வர்றா, ஞாபகம் இருக்கா?”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

நாத்தனார் போன தடவை வந்தபோது, முதியோர் இல்லம் ஒன்றின் அட்டையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். “உங்களால முடியலைன்னா சொல்லுங்க அண்ணி, அங்கே சேத்துடலாம்.” அதைக் கிழிக்கவும் மருமகளுக்குத் துணிவில்லை, படிக்கவும் மனமில்லை. ஆள் இல்லாத இந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த மாமியார்தான்.

மருமகள் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்திலும் அவளுக்குக் கை ஓடவில்லை. ஈரத்துணி மூட்டை தூக்குவதிலிருந்து அவளை மடிப்பு மேசைக்கு மாற்றி இரண்டு மாதமாகிறது. முதுகுவலி மட்டும் மாறவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் கட்டியிருந்த இடுப்புப் பட்டை, திரும்பும்போதெல்லாம் விலாவில் குத்தியது.

“என்னடி, தலையணை உறையைப் போய் அஞ்சா மடிக்கிறே?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “மாமியார் ஞாபகமா?”

“அவங்க இளைக்க இளைக்க எனக்குத்தான்டி கெட்ட பேரு.”

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

“ஐயோ அம்மா! கழுத்தெலும்பு தெரியுதே!”

நேராகச் சமையலறைக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு இருந்தது, கோழி இருந்தது, எல்லாம் இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“இவ்வளவும் யாருக்கு அண்ணி? எங்கம்மாவுக்கு மட்டும் தண்ணி சூப்பா?”

“அவங்களையே கேளுங்க. நான் போடத்தான் போடறேன்...”

“அவங்க உங்களை என்னிக்குக் காட்டிக்குடுத்திருக்காங்க?”

“அவ மலையா குவிக்கிறாடி,” என்றாள் மாமியார். “நான்தான் வேணாங்கறேன்.”

“ஏன் வேணாங்கறே?”

மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பிடிக்கலை.”

மருமகள் கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். ஐந்து வாரமாக மண்டையைக் குடைந்த கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை. அவள் கைச்சமையல் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

நாத்தனார் ஃபிரிட்ஜ் மேலிருந்து அந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டினாள். “நாளைக்கே போன் பண்றேன். அங்கே நேரத்துக்கு நல்லாப் போடுவாங்க.”

“நான் எங்கேயும் வரலை.”

“இங்கே பட்டினி கிடக்கப் போறியா?”

“கிடந்துட்டுப் போறேன். உக்காந்து உக்காந்து உடம்பு நோகுது. நான் படுக்கணும்.”

“வா, நான் படுக்க வைக்கிறேன்.” நாத்தனார் குனிந்து, அம்மாவின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து இழுத்தாள். ஓர் அங்குலம் எழும்பிய உடம்பு பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தது.

“அம்மாடி! என்ன கனம் கனக்கறே!”

மருமகள் வந்து சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். தினம் நாலு தடவை செய்வதுபோல், ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை அசையாத அந்தக் கால்களுக்கும் அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

மாமியாரின் ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. இன்னொரு கை சட்டைக்குமேல் தடவி, உள்ளே இறுகியிருந்த பட்டைமேல் போய் நின்றது. பிறகு, மகளுக்குக் கேட்காமல், மருமகளின் காதோரமாய் அவள் கேட்டாள்:

“இப்ப கொஞ்சம் லேசா இருக்கேனாம்மா?”