மாலை விழும் முகம்

மேல்பட்டாம்பாக்கம் முச்சந்தியில், கார்கில் சண்டையில் இறந்த பழனிவேலின் மார்பளவுச் சிலை வெயிலில் மின்னுகிறது. நினைவு நாளுக்காகச் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அவன் மனைவி சந்திரலேகா, சாமந்தி மாலையோடு நிற்கிறாள். கொழுந்தன் இளவரசு ஈரத்துணியால் சிலையின் முகத்தில் படிந்த புழுதியைத் துடைக்கிறான். நல்ல போட்டோ கிடைக்காததால், சிலை வடித்தபோது தம்பி இவனை உட்காரவைத்துத்தான் அந்த முகத்தைச் செய்தார்கள். சிலைக்கு மீசை இன்னும் கறுப்பு, இவனுக்கு நரைத்துவிட்டது. "போடுங்க அண்ணி, வெயில் ஏறுது." உயிரோடிருக்கிறவன் முகத்துக்கு மாலை போடுகிறோமே என்று வருஷா வருஷம் தோன்றுவது இன்றும் தோன்ற, அவள் மாலையை உயர்த்துகிறாள். மாலை விழும்போது இளவரசு தன் கழுத்தைத் தடவிக்கொள்கிறான். அவள் கண்களை இறுக மூடிப் புருஷன் முகத்தைத் தேடுகிறாள். அங்கேயும் கழுத்தில் மாலையோடு இளவரசுதான் நிற்கிறான்.