கேடயக்காரனின் தாள்

மாசிலாமணிக்கு நான் தர வேண்டியது இரண்டாயிரத்து நானூற்று முப்பது ரூபாய். அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. சிமெண்டு கிடங்கில் மூட்டை தூக்கும் நாங்கள் மூன்று பேரும் மதியச் சோற்றுக்குப் பிறகு பகடைக் கதை ஆடுவோம். அவனவன் வேஷத்தின் பெயர், ஆயுதம், உயிர் எல்லாம் ஆளுக்கொரு தாளில் இருக்கும். செத்தவன் அதைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டும். நாற்பத்து நாலு வயதில் எழுத்துப் படித்து நான் முழுசாக எழுதிய முதல் தாள் அது. எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆச்சு.

கதை சொல்கிற செல்வின், அன்றைக்கு வேஷங்களில் புது வகைகளைச் சோதித்துப் பார்ப்போம் என்றான். என் போர்வீரன் கேடயக்காரன் ஆனான். கூட்டாளிக்கு விழும் அடியை அவன் வாங்கிக்கொள்ளலாம். மாசிலாமணியின் மந்திரவாதி நெருப்பு மந்திரவாதி ஆனான்.

மூன்றாம் சுற்றில், கதையில் வந்த ஒரு பாம்பு மாசிலாமணியின் மந்திரவாதி மேல் சீறியது. அவனுக்கு மூன்று உயிர்தான் மிச்சம். எனக்குப் பதினாலு; அந்த அடியை நான் வாங்கி, பகடையில் பதினாலோ அதற்கு மேலோ விழுந்தால் நான் காலி.

"உருட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும். வாங்கிக்கிறியா?" என்றான் செல்வின்.

"வேணாம்யா," என்றான் மாசிலாமணி. "நான் நாளைக்கே வேற எழுதிக்குவேன். உனக்கு இன்னும் பதினொரு நாள் ஆகும்."

"கடன் வாங்குனவன் குடுத்தவனுக்காக அவ்வளவு சுளுவா சாவானா?" செல்வின் சிரித்தான்.

"வாங்கிக்கிறேன்," என்றேன்.

செல்வின் உருட்டிய இருபது முகப் பகடை, கீழே விரித்திருந்த சாக்கின் மடிப்பில் சாய்ந்து நின்றது. செல்வின் சாக்கை இழுத்துவிட்டான். பதினாறு.

கிழித்தேன். மாசிலாமணி இரண்டு துண்டையும் பொறுக்கி, தூசியை ஊதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அந்த ரூபா வந்து சேந்துருச்சு," என்றான். "எந்திரி, லாரி வந்தாச்சு."