நாலுல ஒண்ணு

வீட்டைப் பாகம் பிரித்த அன்று சந்தோஷத்தில் குதித்தவள் நித்திலா ஒருத்திதான். "பெரியப்பாவுக்கு ரெண்டுல ஒண்ணுதான்மா. அத்தைக்கும் நமக்கும் நாலுல ஒண்ணு! ரெண்டைவிட நாலு பெருசுல்ல?" கொத்தனார் வந்து கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார். ஜன்னல் அந்தப் பக்கம் போயிற்று, அதோடு காற்றும். மிஞ்சிய இடத்தில் மத்தியானம் பாயை விரித்துப் படுத்த நித்திலா காலை நீட்டினாள். ஈரச் சிமெண்ட் உள்ளங்காலில் சில்லென்றது. தலைமாட்டிலும் சுவர் இடித்தது. "அம்மா, இதையும் ரெண்டாக்கினா எட்டுல ஒண்ணா?" "ஆமாண்டி. அதுக்கென்ன இப்போ?" நித்திலா புரண்டு படுத்தாள். பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மாவின் ஏழு மாத வயிற்றையே பார்த்தாள். பிறகு, நீட்டியிருந்த கால்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.